பிரசவ உதவியும் தாதியர் பயிற்சியும்

கூட்டுறவுச் சங்கத்தின் வேலை கடன் கொடுப்பதும் அதனை வசூலிப்பதும் மாத்திரமே என்று எண்ணுவோர் இன்னும் சிலர் உளர். கடன் பெற்ற அங்கத்தினர் வீட்டில் ஒரு தாய் பிரசவத்தில் மாண்டால், அக்குடும்பத்தின் உழைப்பும், பிள்ளைகளின் படிப்பும், கடனின் தவணையும் ஒருங்கே தடைப்பட்டுப் போகின்றன. கறவை மாடு நோயுற்றால் கால்நடை வைத்தியரைத் தேடிச் செல்லும் சங்கம், மனையில் தாய்க்கு நேரக்கூடிய ஆபத்தைக் குறித்து ஆராயாதிருப்பது பொருந்தாது. ஆகவே பிரசவ உதவி, தாதியர் பயிற்சி, பிரசவித்த உடம்பைத் தேற்றும் தேகப்பயிற்சிச் சிகிச்சை ஆகிய மூன்றையும் பற்றி அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டியவை இப்பாடத்தில் கூறப்படுகின்றன.

சேலம், நாமக்கல் சமவெளிகளில் வீட்டில் நிகழும் பிரசவம் இன்று அரிது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100க்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலுமே நடந்திருக்கின்றன. உயிருடன் பிறக்கும் சிசுக்கள் இலட்சத்திற்கு இத்தனை தாய்மார் இறந்தனர் என்னும் கணக்கு, 2001-03இல் தமிழ்நாட்டில் 134 ஆக இருந்தது. 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்தியா முழுவதற்குமான கணக்கு 97. இது மெச்சத்தக்க முன்னேற்றமே. ஆயினும் 54 என்பது சிறு தொகையன்று. ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் ஆஸ்பத்திரியில் பிரசவிக்கும் நாட்டில், எஞ்சிய மரணங்களுக்கு வீட்டுப் பிரசவத்தைக் காரணமாகக் காட்ட இயலாது. ஆஸ்பத்திரி வாசலை அடைந்த பின்னர் என்ன நடக்கிறது என்பதே இனி ஆராயத்தக்கது. அங்கு தாயின் அருகே நிற்பவர் எவ்வளவு பயின்றவர், பயின்றதை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார் என்பவற்றைப் பொறுத்தே பெரும்பாலும் உயிர் நிற்கிறது.

1. மருத்துவச்சியின் காலம்

சில தலைமுறைகளுக்கு முன்பு கிராமத்தில் பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சியே. பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்டிர் இத்தொழிலைத் தாயிடமிருந்து மகளும், மாமியிடமிருந்து மருமகளுமாகக் கற்று வந்தனர். கூலியாகத் தானியமும், சேலையும், வெற்றிலை பாக்கும் பெற்றனர். நள்ளிரவில் அழைத்தாலும் மறுக்காது வந்தவர் அவர். வேதனைப்படும் பெண்ணுக்குத் தைரியம் சொல்லி விடியும்வரை உடனிருந்தவரும் அவரே. அவரிடம் பொறுமையும் அனுபவமும் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிய அறிவும், இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தும் அவரிடம் இல்லை. அவற்றை அவருக்கு யாரும் கற்பிக்கவோ கொடுக்கவோ இல்லை.

இதன் விளைவைக் கொப்பூழ்க்கொடியில் காணலாம். கையில் கிடைத்த கருவியால் கொடியை அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. சாணத்திலும் மண்ணிலும் வாழும் கிருமி அக்காயத்தின் வழியே புகுந்து, சில நாட்களில் சிசுவின் வாய் இறுகி, உடம்பு வில்லாய் வளைந்து உயிர் போகும். இந்த இரணஜன்னியைத் தெய்வக் குற்றம் என்று நம்பியவர் அநேகர். கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான கை, சுத்தமான தரை, சுத்தமான அலகு, சுத்தமான நூல், கொடியின்மேல் ஒன்றும் பூசாமை ஆகியவற்றாலேயே இந்நோய் அடங்கியது. 2015ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் தாய்சேய் இரணஜன்னி பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்று நீங்கியதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது.

சென்னை மாகாணத்தில் பிரசவ உதவியை முறையாகக் கற்பிக்கும் முயற்சி பழமையானது. சென்னையில் பிரசவத்திற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி 1844இல் ஏற்பட்டது. பின்னர் எழும்பூரில் வளர்ந்தது அதுவே. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் நிறுவிய ஆஸ்பத்திரியில் 1909இல் தாதியர் பள்ளி தொடங்கியது. தாதியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926இல் நிறைவேறியது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய்சேய் நலத்தை ஸ்தல ஸ்தாபனங்களின் கடமையாகவே வகுத்தது. சட்டமும் பள்ளியும் நகரத்தில் தோன்றின. பயின்றவர் கிராமத்தை அடையப் பல பத்தாண்டுகள் சென்றன.

2. கை கழுவியதால் விளைந்தது

பயிற்சி என்பது பட்டத்தைக் குறிப்பதா, பழக்கத்தைக் குறிப்பதா? இதற்கு ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரில் நடந்த செய்தி தக்க விடையளிக்கும். அந்நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர் பயின்றனர். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பயின்றனர். கல்வியில் உயர்ந்த மாணவரின் பகுதியிலேயே பிரசவ ஜுரத்தால் தாய்மார் மிகுதியாக மாண்டனர். நகரத்துப் பெண்கள் இதனை அறிந்து, முதற்பகுதியில் சேர்க்க வேண்டாமென்று மன்றாடினர் என்பர்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் காரணத்தை ஆராய்ந்தார். மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு, அதே கையுடன் தாய்மாரைச் சோதித்தனர். மருத்துவச்சிகளுக்குப் பிண அறையில் வேலையில்லை. 1847ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒவ்வொருவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே தாயைத் தொடலாம் என்று அவர் கட்டளையிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் அப்பகுதியில் 100க்கு 18 தாய்மார் இறந்திருந்தனர். ஜூன் மாதத்தில் அது ஏறக்குறைய 2 ஆயிற்று. புதிய மருந்தும் புதிய கட்டடமும் அங்கு வரவில்லை. ஒரு பழக்கம் தவறாது கடைப்பிடிக்கப்பட்டது, அவ்வளவே.

இன்றும் பிரசவ அறையின் தரத்தை அறிய விரும்புபவர் முதலில் காண வேண்டியது தண்ணீர்க் குழாயும் சோப்பும்தான். குழாயில் தண்ணீர் வராத இடத்தில் எவ்வளவு படித்த தாதியும் தம் படிப்பைப் பயன்படுத்த முடியாது.

3. இலங்கையின் அனுபவம்

தமிழரும் சிங்களவரும் வாழும் இலங்கையில் 1930களில் பிரசவ மரணம் இலட்சத்திற்கு 2000க்கும் மேலாக இருந்தது. இன்று அது ஏறக்குறைய 30 என்னும் அளவிலேயே உள்ளது. இம்மாறுதல் செல்வத்தால் வந்ததன்று. அந்நாடு அக்காலத்தில் செல்வம் படைத்ததன்று. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. பின்னர் நாடெங்கும் ஒவ்வொரு சிறு வட்டாரத்திற்கும் ஒரு பயின்ற மருத்துவச்சி நியமிக்கப்பட்டார். அவர் அவ்வட்டாரத்திலேயே குடியிருந்து, கர்ப்பிணிகளின் பெயரைப் பதிந்து, வீடு வீடாகச் சென்று பார்த்து, ஆபத்தானவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவருக்கு மேலே மேற்பார்வையாளரும், அவருக்கு மேலே வைத்தியரும் இருந்தனர்.

மலேரியாக் கட்டுப்பாடு, புதிய மருந்துகள், பெண்கல்வி ஆகியனவும் இம்முன்னேற்றத்திற்கு உதவின என்பது உண்மை. ஆயினும் தாயின் வீட்டிற்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே பயின்ற ஒருத்தி நின்றதே அதன் முதுகெலும்பு. தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் செய்யும் பணியும் இவ்வகையைச் சார்ந்ததே. தம் கிராமத்திற்குரிய செவிலியரின் பெயரையும், அவர் வரும் நாளையும் அறியாத அங்கத்தினர் இருப்பாராயின், அவர் தம் வீட்டுக்குரிய முதல் பாதுகாப்பை இழந்தவராவார்.

4. இரத்தப்போக்கை அளத்தல்

பிரசவத்தில் தாயின் உயிரை மிக விரைவில் கொள்ளை கொள்வது இரத்தப்போக்கு. சிசு பிறந்து, நஞ்சு விழுந்தபின், கருப்பை சுருங்கி இறுக வேண்டும். அது தளர்ந்துவிட்டால் இரத்தம் நிற்பதில்லை. ஓர் உதாரணம் கொள்வோம். இராசிபுரத்துப் பக்கத்தில் ஒரு பெண் நல்ல நிலையில் பிரசவிக்கிறாள். வீட்டார் சர்க்கரை வழங்கி மகிழ்கின்றனர். இரத்தம் பீறிட்டுப் பாய்வதில்லை, மெல்லக் கசிகிறது. துணிகள் நனைகின்றன, நனைந்த துணியை எடுத்துவிட்டுப் புதிய துணி வைக்கப்படுகிறது. ‘இது வழக்கமான கசிவுதான்’ என்று அருகிலிருப்போர் கருதுகின்றனர். ஒரு மணி நேரம் கழிந்தபின் முகம் வெளிறி, கை கால் சில்லிட்டு, நாடி வேகமாகிறது. அப்போதுதான் ஓட்டம் தொடங்குகிறது. முன்னரே இரத்தக் குறைவுள்ள பெண்ணாயின் அவ்வளவு நேரமும் அவளுக்கு இல்லை. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இரத்தச் சோகை உண்டு என மேற்சொன்ன கணக்கெடுப்பே காட்டுகிறது.

இங்கு தவறு எங்கே நேர்ந்தது? கண்ணால் மதித்ததில் நேர்ந்தது. பால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் இதனை எளிதில் உணர்வர். குவளையைப் பார்த்து ‘நல்ல பால்’ என்று சொல்லி எந்தச் சங்கமும் விலை கொடுப்பதில்லை; அளவையும் கொழுப்பையும் கருவியால் அளந்தே கணக்கில் எழுதுகிறது. தாயின் இரத்தத்தை மட்டும் கண்மதிப்புக்கு விடுவது எவ்வாறு தகும்?

இதற்கென ஓர் எளிய சாதனம் உண்டு. தாயின் கீழ் விரிக்கப்படும் பிளாஸ்டிக் விரிப்பின் நுனியில் அளவுக்கோடிட்ட பை ஒன்று இருக்கும். வடியும் இரத்தம் அதிலே சேரும். கர்நாடகத்தின் பெல்காம் ஜில்லாக் கிராமங்களில் இத்தகைய விரிப்பைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்து, 2006இல் வெளிவந்தது. 1620 தாய்மார் அதில் இடம்பெற்றனர். பிரசவம் பார்த்தவர்கள் வைத்தியர்கள் அல்லர், துணைத் தாதியரே. சிசு பிறந்தவுடன் மிசோபுரோஸ்டால் மாத்திரை பெற்ற தாய்மாரில் 100க்கு 6.4 பேருக்கும், பெறாதவரில் 100க்கு 12 பேருக்கும் மிகு இரத்தப்போக்கு ஏற்பட்டது. கிராமத்துத் தாதி தக்க பயிற்சியும் ஒரு மாத்திரையும் பெற்றால் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்பது இதனால் விளங்கியது.

2023இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி ஆப்பிரிக்காவின் கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்தது. இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட தாய்மார் அதில் சேர்ந்தனர். அளவு விரிப்பால் இரத்தத்தை அளப்பது, அளவு மீறியவுடன் கருப்பையைப் பிடித்துவிடுவது, மருந்தும் நரம்பு வழித் திரவமும் கொடுப்பது, காயத்தைச் சோதிப்பது என்னும் செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒருசேரச் செய்யப்பட்டன. வழக்கமான முறையில் மிகு இரத்தப்போக்கு நேர்ந்தவரில் ஏறக்குறையப் பாதிப்பேரே கண்டறியப்பட்டனர். புதிய முறையில் 100க்கு 93 பேர் கண்டறியப்பட்டனர். கடும் இரத்தப்போக்கு, அதனால் அறுவை, அதனால் மரணம் ஆகியவை சேர்ந்து 100க்கு 60 பங்கு குறைந்தன. அம்மருந்துகளில் பெரும்பாலானவை அந்த ஆஸ்பத்திரிகளில் முன்னரே இருந்தவை. காலத்தே காணும் வழியும், கண்டவுடன் கூடிச் செயற்படும் பயிற்சியுமே புதியவை.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. கருப்பையை இறுகச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசிமருந்து குளிர்ச்சியில் வைக்கப்பட வேண்டும். சித்திரை வெயிலில் மேசைமேல் கிடக்கும் மருந்து நாளடைவில் வீரியம் இழக்கும். பால் குளிரூட்டும் நிலையத்தில் மின்சாரம் நின்றால் எவ்வளவு பதற்றம் உண்டாகிறதோ, அவ்வளவு பதற்றம் சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டி நின்றாலும் உண்டாக வேண்டும்.

5. சிசுவின் முதல் நிமிஷம்

பெரும்பான்மையான சிசுக்கள் பிறந்தவுடன் தாமே மூச்சு விடுகின்றன. சில சிசுக்கள் உடம்பைத் துடைத்து முதுகைத் தடவியபின் அழுகின்றன. மிகச் சிலவற்றிற்கே பையும் முகமூடியும் கொண்டு காற்றூத வேண்டியிருக்கிறது. அந்தச் சிலவற்றிற்கு முதல் நிமிஷம் விலைமதிப்பற்றது. அந்நிமிஷத்தில் தாதி முகமூடியைத் தேடுவாராயின், அல்லது அதைச் சரியாக முகத்தில் பொருத்த அறியாராயின், சிசு இறக்கலாம். அல்லது மூளை பாதிக்கப்பட்டு ஆயுள் முழுதும் கை கால் முடங்கி வாழலாம்.

இத்திறமையை வருஷத்தில் இரண்டொரு முறைதான் பயன்படுத்த நேரும். பயன்படாத திறமை சில மாதங்களிலேயே மங்கிவிடும். நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தார் லாரித் தொழிலை நன்கறிவர். லாரிக்குத் தகுதிச் சான்று ஒரு முறை பெற்றால் எக்காலத்திற்கும் போதும் என்று எந்த உரிமையாளரும் எண்ணுவதில்லை; குறித்த தவணையில் பிரேக்கைச் சோதித்தே தீர வேண்டும். அதுபோலத் தாதியரும் தம் நிலையத்திலேயே பொம்மையைக் கொண்டு அடிக்கடி சிறிது நேரம் பழக வேண்டும். நகரத்திற்கு அழைத்து ஒரு வாரம் சொற்பொழிவு கேட்கச் செய்வதைவிட, பணி செய்யும் இடத்திலேயே பதினைந்து நிமிஷம் கைப்பழக்கம் செய்வது மிகுந்த பயன் தரும். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த இந்திய சர்க்கார் 2017இல் தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டமும் இத்தகைய பழக்கத்தையும் சோதனையையும் வற்புறுத்துகிறது.

6. அறுவைப் பிரசவம் பெருகுதல்

ஓர் ஆபத்து குறைந்தபோது மற்றொரு கவலை தோன்றியிருக்கிறது. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100க்கு 44.9 வயிற்றை அறுத்தே செய்யப்பட்டன. அறுவை தக்க காலத்தில் செய்யப்பட்டால் தாயையும் சேயையும் காக்கும். அதனை வெறுப்பது அறியாமை. ஆனால் அவசியமின்றிச் செய்யும் அறுவையால் இரத்த இழப்பும், தொற்றும், அடுத்த பிரசவத்தில் நஞ்சு தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டாகின்றன. கூலிவேலை செய்யும் குடும்பத்திற்குப் பல வார வருமானமும் போகிறது.

பிரசவ வேதனை நீண்ட நேரம் எடுப்பது இயல்பு. அந்நேரம் முழுதும் சிசுவின் இதயத் துடிப்பையும், வேதனையின் வேகத்தையும், கருப்பை வாய் விரிவதையும் படிவத்தில் குறித்துக் கவனிப்பவர் ஒருவர் வேண்டும். தாய்க்கு நடக்கவும் அமரவும் உதவி, தைரியம் கூறும் துணையும் வேண்டும். தொடர்ந்து ஒருவர் துணையிருந்தால் அறுவையின் தேவை குறைகிறது என்பதைப் பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இப்பணிக்கே பயின்றவர் பிரசவத் தாதி. ஆகையால் தேர்ந்த தாதிகளுக்கு மேலும் 18 மாதம் பயிற்சியளித்து, இயல்பான பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் தகுதியை வழங்கும் ஏற்பாட்டை இந்திய சர்க்கார் 2018இல் அறிவித்தது. 2023இல் தாதியர் கல்வியையும் பிரசவ உதவிக் கல்வியையும் ஒழுங்குபடுத்தப் புதிய தேசியச் சட்டமும் இயற்றப்பட்டது.

7. பிரசவத்திற்குப் பின் தேகப்பயிற்சிச் சிகிச்சை

இயன்முறைச் சிகிச்சை என்று இன்று வழங்கும் தேகப்பயிற்சிச் சிகிச்சை, கை கால் விழுந்த முதியோர்க்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கின்றனர். பிரசவித்த பெண்ணுக்கும் அது உரியதே. சிசுவைத் தாங்கிய அடிவயிற்றுத் தசைகளும், இடுப்பின் கீழ்த்தளத் தசைகளும் பிரசவத்தில் தளர்கின்றன. அதனால் இருமும்போதும், தும்மும்போதும், குடம் தூக்கும்போதும் சிறுநீர் கசியலாம். பிரசவித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இத்துன்பம் உண்டு. வெட்கத்தால் அவர்கள் கணவரிடமும் சொல்வதில்லை. விசேஷங்களுக்குப் போவதையும் விட்டுவிடுகின்றனர். ‘பிள்ளை பெற்றால் அப்படித்தான்’ என்று மூத்தோரும் அடக்கிவிடுகின்றனர்.

இதற்குச் செலவில்லாத சிகிச்சை உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல அத்தசைகளை உள்ளிழுத்து, சில விநாடிகள் பிடித்து, மெல்ல விட வேண்டும். மூச்சை அடக்காமல் ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் பழக வேண்டும். சரியான தசை இயங்குகிறதா என்பதைத் தாதியோ சிகிச்சையாளரோ முதலில் காட்டிக் கொடுப்பது நலம். அறுவைப் பிரசவமானவர், வைத்தியர் அனுமதித்தவுடன் எழுந்து மெல்ல நடப்பதும், கால் விரல்களையும் கணுக்காலையும் அசைப்பதும், ஆழ்ந்து மூச்சு விடுவதும் காலில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். பச்சை உடம்புக்காரி அசையவே கூடாது என்னும் பழைய எண்ணம் இங்கு தீங்கு செய்யும். அதே சமயம், தறிக்குழியில் இறங்கி மிதிக்கும் வேலையையும், மரவள்ளி மூட்டை சுமப்பதையும் உடனே தொடங்கச் சொல்வதும் தீங்கே. நடையும் ஓய்வும் அளவோடு கூட வேண்டும்.

பிறப்பில் மூச்சு முட்டியதால் கை கால் விறைத்த குழந்தைக்கும் இச்சிகிச்சை முதல் வருஷத்திலேயே தொடங்க வேண்டும். மாதங்கள் கழியக் கழியத் தசைகள் சுருங்கி, திருத்துவது கடினமாகும். தமிழ்நாடு சர்க்கார் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிற்கே சென்று தேகப்பயிற்சிச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. அதற்கு உதவும் பெண் சுகாதாரத் தொண்டர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்தே எடுக்கப்பட்டனர். கூட்டாகச் சேமித்துப் பழகிய பெண்கள் சுகாதாரப் பணியிலும் நம்பிக்கைக்கு உரியவராவர் என்பதற்கு இது சான்று.

8. சங்கம் செய்யத்தக்கவை

(அ) ஊரிலுள்ள கர்ப்பிணிகள் அனைவரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதல் மூன்று மாதத்திற்குள் பதிந்துள்ளனரா என்பதைப் பெண் அங்கத்தினர் வழியாக விசாரித்தல்.

(ஆ) இரத்தச் சோகையுள்ளவர் இரும்புச்சத்து மாத்திரையை உண்மையில் உட்கொள்கின்றனரா என்பதை வீட்டு மாமியாரும் கணவரும் கவனிக்கச் செய்தல்.

(இ) 108 வாகனம் வரத் தாமதமாகும் ஊர்களில், இரவில் அழைத்தால் வரக்கூடிய இரண்டு வாகனங்களையும் ஓட்டுநர்களையும் முன்னரே ஒப்புக்கொள்ளச் செய்து, அவர்தம் எண்களைச் சங்கப் பலகையில் எழுதி வைத்தல். கொல்லிமலை போன்ற இடங்களில் நாள் நெருங்கியவரைச் சில தினம் முன்னதாகவே கீழே அழைத்து வந்து தங்கச் செய்தல் உயிர் காக்கும்.

(ஈ) இரத்தம் கொடுக்க இசையும் வாலிபர்களின் பட்டியலை, இரத்த வகையுடன் வைத்திருத்தல்.

(உ) சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம், அறுவை, மருந்து, இரத்தம், உணவு, வீடு திரும்பும் வாகனம் யாவும் இலவசம் என்பது 2011 முதல் நாடெங்குமுள்ள உரிமை. இதனை அங்கத்தினர்க்கு அறிவித்தல்.

(ஊ) படிப்பில் தேர்ந்த கிராமப் பெண்கள் தாதியர் கல்வி பெற வழிகாட்டுதல். துணைத் தாதியர் படிப்பு இரண்டு வருஷம். பொதுத் தாதியர் படிப்பு மூன்று வருஷம். பட்டப் படிப்பு நான்கு வருஷம். சேரும் பள்ளி தாதியர் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா, மாணவிகள் உண்மையான பிரசவ அறையில் பழக வாய்ப்புண்டா என்னும் இரண்டையும் விசாரித்த பின்னரே பணம் கட்டச் சொல்ல வேண்டும். பயிற்சி ஆஸ்பத்திரியில்லாப் பள்ளி, கிணறில்லாத் தோட்டத்திற்கு ஒப்பாகும்.

சேலத்தில் 1986 முதலும், நாமக்கல்லில் 2022 முதலும் சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. பெரிய ஆஸ்பத்திரி கைக்கெட்டிய தூரத்தில் வந்துவிட்டது. அங்கு போய்ச் சேரும் முன்னர் கடக்கும் நேரமும், சேர்ந்தபின் அருகிருக்கும் கையுமே இனிச் சீர்பெற வேண்டியவை. முன்னதைச் சங்கமே பெரிதும் சீர்படுத்தலாம். பின்னதைக் கேட்டுப் பெற, எது நல்ல முறை என்பதை அறிந்த ஊராக இருத்தல் வேண்டும். தாதியைக் குறை கூறுவதற்கன்று இவ்வறிவு. ஒருவரே பல தாய்மாரைப் பார்க்க நேரும் இரவுகளில் தண்ணீரும், மருந்தும், துணைக்கு ஒரு கையும் அவருக்குக் கிடைக்கும்படி ஊர் முறையிடுவதற்கே இவ்வறிவு வேண்டும்.

தாய்மார் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய அபாயக் குறிகள்: இரத்தப்போக்கு, கடுந்தலைவலியுடன் கண் மங்கல், வலிப்பு, முகமும் கையும் வீங்குதல், மூச்சுத் திணறல், ஜுரம், பனிக்குடம் உடைதல், வயிற்றில் சிசுவின் அசைவு குறைதல். பிரசவித்து ஆறு வாரம் வரையிலும் இரத்தப்போக்கும் ஜுரமும் வலிப்பும் ஆபத்தே என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரிலிருந்து இரத்த வங்கியுள்ள ஆஸ்பத்திரிக்கு இரவில் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம்? அதனைக் குறைக்க வழி யாது?

2. நமது ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிரசவ அறையில் குழாய்த் தண்ணீர், சோப்பு, குளிர்பெட்டி, சிசுவுக்குக் காற்றூதும் பையும் முகமூடியும் உள்ளனவா?

3. கடந்த மூன்று வருஷங்களில் ஊரில் பிரசவத்தை ஒட்டி இறந்த தாயோ சிசுவோ உண்டா? யாரையும் பழிக்காமல் ஆராய்ந்தால், எந்த நேரத்தில் எது செய்திருந்தால் அவ்வுயிர் தங்கியிருக்கும்?

4. பிரசவித்த பெண்கள் தம் உடல் துன்பத்தை வெட்கமின்றிக் கூறத்தக்க கூட்டம் ஒன்றைப் பெண் அங்கத்தினர் மாதந்தோறும் நடத்த இயலுமா?

இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் வாசித்துப் பார்ப்பது நன்று. வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்யும் பழக்கமுள்ள சங்கத்திற்கு, உயிர்களின் கணக்கையும் தணிக்கை செய்வது அரிதாகாது.